ஒரே உடம்புக்கு இரண்டு நேர்த்தி

1

இதைத் தட்டச்சுச் செய்யப்போகிற பிள்ளையிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்துக் கோணலாகத்தான் இருக்கும். பாத்திரம் கழுவிப் பழகிய கை, பேனாவையும் வழுக்கி விழப்போகிற பொருளாகவே பிடிக்கிறது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்துப் பிழைகளை நீங்கள் திருத்திவிடுங்கள். மற்றப் பிழைகளை அப்படியே விட்டுவிடுங்கள். அவை நடந்தவை.

ஊர் நூலகத்தின் மலருக்கு, வெளிநாட்டில் இருப்பவர்கள் ஒவ்வொருவரும் ஏதாவது எழுத வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். போன மலரைப் பார்த்தேன். ஒருவர் கனடாவில் இரண்டாவது கடை திறந்ததை எழுதியிருந்தார். இன்னொருவர் லண்டனில் மகன் வைத்தியரானதை எழுதியிருந்தார். எனக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. என்னிடம் இருப்பது ஒரு பழுதான முழங்கால். அதைப் பற்றித்தான் எழுத முடியும்.

நம் ஊர் களுதாவளையில் வெற்றிலைக் கொடிக்குத் தண்ணீர் ஊற்றித் திரிந்தவன், சுவிஸுக்கு வந்து இருபத்துநான்கு வருடமாகிறது. முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறேன். நாள் முழுக்க நின்று செய்யும் வேலை. வலது முழங்கால் தேய்ந்துபோனது. எலும்பு வைத்தியர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூட்டை மாற்றலாம், ஆனால் இந்த நிறையோடு மாற்ற மாட்டேன் என்றார். நான் நூற்றொன்பது கிலோ. பன்னிரண்டு கிலோ குறைத்துவிட்டு வரச் சொன்னார். குறைக்கிறேன் என்று வாயால் சொன்னால் காணாது. உணவு ஆலோசகர் ஒருவரிடம் மாதா மாதம் போய், தராசில் ஏறி, கையெழுத்து வைத்த தாளை, வைத்தியச் செலவைக் கட்டுகிற காப்புறுதிக் கந்தோருக்கு அனுப்ப வேண்டும். மெலிவதற்கு இந்த நாட்டில் அத்தாட்சி வேண்டும். ஊரில் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தாலே போதும்.

வேலையிடத்து மேலாளர் நல்ல மனிதர். “கால் சரியாகும் வரை பொறுப்போம்” என்றார். எவ்வளவு காலம் பொறுப்பார் என்பதை மட்டும் சொல்லவில்லை. இந்த நாட்டு மொழி வாசிக்கத் தெரியாதவனுக்கு இங்கே உட்கார்ந்து செய்யும் வேலை கிடையாது. நிற்க முடியாவிட்டால் எனக்கு வேலை இல்லை. ஆகவே அந்தப் பன்னிரண்டு கிலோவை யாரும் அழகுக் காரியம் என்று நினைக்க வேண்டாம்.

2

உணவு ஆலோசகரின் பெயர் திருமதி கெல்லர். ஒல்லியான பெண். கோபமே வராது. முதல் நாளே ஒரு கொப்பியைத் தந்தார். அதில் கோடு போட்டு நான்கு கட்டங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டேன், என்ன சாப்பிட்டேன், எவ்வளவு சாப்பிட்டேன். கடைசிக் கட்டம்தான் வில்லங்கம். சாப்பிடுவதற்குச் சற்று முன்பு மனதில் என்ன இருந்தது?

நான் தமிழில் எழுதுவேன். மகள் அபி அதை ஜெர்மன் மொழியில் மாற்றி எழுதிக்கொண்டு என்னோடு வருவாள். பத்தொன்பது வயது. என் எழுத்தை வாசிக்க அவளுக்குத் தமிழ் காணாது, எனக்கு அவளுடைய பொறுமை காணாது. ஒருநாள் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“அப்பா, கடைசிக் கட்டத்தில எல்லா நாளும் ‘அம்மா’ எண்டு எழுதி இரிக்கு. அது உணர்வா? கவலை, கோவம், அலுப்பு, அப்பிடி எழுதணும்.”

“அம்மாவோட போன்ல கதைச்சன். மறுகா சாப்பிட்டன்.”

“பசிச்சதா?”

“இல்ல.”

“அப்ப என்ன?”

“அதான் அம்மா எண்டு எழுதினன்.”

அவள் என்னைப் பார்த்த பார்வையில், இந்த மனிதரோடு தன் அம்மா எப்படி இருபது வருடம் குடும்பம் நடத்தினா என்ற கேள்வி இருந்தது. பிறகு என்ன எழுதினாளோ தெரியாது, திருமதி கெல்லர் அதை வாசித்துவிட்டு மெல்லிய குரலில் கேட்டார்: “உங்களுக்கும் உங்கள் தாயாருக்கும் பிரச்சினையா?”

“ஒரு பிரச்சினையும் இல்ல. அவக்கு என்னில சரியான விருப்பம்” என்றேன்.

இந்தச் சின்னப் பதிலுக்கு அவர் அரைப் பக்கம் எழுதினார். இவ்வளவு நேரம் ஒருவர் என்னைப் பற்றி எழுதியது முன்பு அகதி விசாரணையில்தான். எனக்கு வேர்த்துவிட்டது. வீட்டுக்கு வந்து நான்கு பாண் துண்டு சாப்பிட்டேன். கடைசிக் கட்டத்தில் ‘கெல்லர்’ என்று எழுதினேன்.

உண்மையில் நடப்பது இதுதான். நான் வந்த முதல் வருடம், ஊருக்கு எழுதிய கடிதத்தில், சமையலறைக்குப் பொறுப்பாக இருக்கிறேன் என்று எழுதிவிட்டேன். கழுவும் இடத்துக்கு நான்தானே பொறுப்பு, முழுப் பொய் இல்லை. அம்மா அதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அது வளர்ந்தது. எனக்குக் கீழே எத்தனை பேர் என்று கேட்பார். ஆறு பேர் என்பேன். நாற்காலி இருக்கிறதா என்பார். இருக்கிறது என்பேன். வேலை முடிந்து பின்னேரம் நான்கு மணிக்கு, காலைத் தூக்கி ஒரு முக்காலியில் வைத்துக்கொண்டு, இதையெல்லாம் சொல்வேன். போனை வைத்ததும் கை தானாக முறுக்கு டின்னுக்குப் போகும். பொய் சொன்ன வாய்க்குள் எதையாவது போட்டு அடைக்க வேண்டும்போல இருக்கும். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

3

இருந்தாலும் முதல் இரண்டு மாதத்தில் ஐந்து கிலோ குறைந்தேன். மனைவி பவானி சோற்றை அளந்து போட்டாள். பிட்டைக் கண்ணில் காட்டவில்லை. திருமதி கெல்லர் எனக்குக் கை தந்து பாராட்டினார். அந்தச் சந்தோசத்தில் அபி ஒரு படம் எடுத்து, ஊர்ச் சொந்தக்காரர் எல்லாரும் இருக்கும் வாட்சப் குழுவில் போட்டுவிட்டாள்.

அரை மணித்தியாலத்தில் பூமணி அக்கா அழைத்தார். அம்மா இருப்பது அக்காவின் வீட்டில்தான், எங்கள் பக்கத்தில் தாய் மகளோடுதானே, வேறெங்கே இருப்பது.

“தம்பி, உனக்கு என்னடா? சுகர் வந்திட்டா?”

“இல்லக்கா.”

“பவானி சமைக்கிறல்லையா?”

“சமைக்கிறா.”

“அப்ப ஏன்டா இப்பிடிக் கொக்கு மாதிரி இரிக்காய்?”

நூற்றிநான்கு கிலோவில் ஒரு கொக்கை நான் கண்டதில்லை. சொல்ல வாயெடுப்பதற்குள் போன் அம்மாவின் கைக்குப் போய்விட்டது.

“மனே, கையக் காட்டு.”

இதற்கு ஒரு கதை இருக்கிறது. எனக்குப் பத்து வயதில் மலேரியாக் காய்ச்சல் வந்து எலும்பும் தோலுமாகக் கிடந்தேன். காய்ச்சல் விட்ட பிறகு அம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என்னை முழுக வார்த்துவிட்டு, என் மேற்கையைத் தன் பெருவிரலாலும் நடுவிரலாலும் வளைத்துப் பிடித்துப் பார்ப்பார். முதலில் இரண்டு விரலும் ஒன்றுக்கு மேல் ஒன்று ஏறி நின்றன. பிறகு நுனி தொட்டன. பிறகு ஒருநாள் விரல்கள் தொடவில்லை, நடுவே ஒரு நெல் கிடக்கிற அளவு இடைவெளி. அன்றைக்கு அம்மா என் தலையைத் துவட்டாமலே அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினார். எங்கள் வீட்டில் தராசு இருந்ததில்லை. அந்த இரண்டு விரல்தான் தராசு. இன்றைக்கும் அதில்தான் என்னை நிறுக்கிறார், போனுக்குள்ளால்.

சட்டைக் கையை மடித்துக் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

“வத்திப்போச்சு” என்றார். அவ்வளவுதான் சொன்னார். திரையில் கூரை தெரிந்தது. அழும்போது அம்மா போனை மேலே திருப்பிவிடுவார், நான் பார்க்கக்கூடாதாம். சத்தம் கேட்கும் என்பது அவருக்குத் தெரியாது.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். முழங்காலைச் சொன்னால், நாள் முழுக்க நிற்பதைச் சொல்ல வேண்டும். நிற்பதைச் சொன்னால் நாற்காலி போய்விடும். ஆறு பேரும் போய்விடுவார்கள். நான் வாய் திறக்கத் தெரியாதவன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். “ஓம் அம்மா” என்று சொல்லி வைத்தேன். அன்றைக்கு டின் முடிந்தது.

4

இரண்டு கிழமை கழித்து, ஊருக்குப் போய் வந்த ஒருவர் ஒரு பொதியைக் கொண்டுவந்து தந்தார். எள்ளுருண்டை, பயத்தம் பணியாரம், முறுக்கு, கருவாடு, இடித்த மிளகாய்த்தூள். வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் மேல். நான் குறைத்ததை அம்மா அப்படியே கட்டித் திருப்பி அனுப்பியிருந்தார்.

அதோடு முடியவில்லை. மகனுக்குப் பழைய உடம்பு வந்தால் நூற்றியெட்டு மோதகம் வைப்பதாகப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்திருந்தார். அக்கா போனில் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வரவில்லை, வேறொன்றும் வரவில்லை. இங்கே காப்புறுதிக் கந்தோர் என்னைக் கீழே இழுக்கிறது, அங்கே பிள்ளையார் மேலே தூக்குகிறார். நடுவில் ஒரு முழங்கால்.

ஒவ்வொரு நாளும் நான்கு மணிக்கு அம்மா கையைக் காட்டச் சொன்னார். ஒவ்வொரு நாளும் “இன்னும் பத்தாது” என்றார். அவர் கவலைப்பட்டதால் நான் கவலைப்பட்டேன். கவலைப்பட்டதால் சாப்பிட்டேன். சாப்பிட்டதால் கை தடித்தது. கை தடித்ததால் அவர் சிரித்தார். அவர் சிரிக்கிறாரே என்று இன்னும் கொஞ்சம் சாப்பிட்டேன். பவானி டின்னை அலுமாரிக்கு மேலே வைத்தாள். முழங்கால் பழுதான மனிதன் கதிரையில் ஏற மாட்டான் என்று நினைத்தாள். ஏறினேன்.

திருவிழா நேரம் அக்கா ஒரு வீடியோ அனுப்பினார். பெரிய தாம்பாளத்தில் மோதகம் குவித்திருக்கிறது. ஐயர் என் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்கிறார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கும்பிடுகிறார். அந்தக் கிழமைதான் ஆறாவது மாதம். திருமதி கெல்லரின் தராசில் ஏறினேன். நூற்றிப்பத்து. தொடங்கிய இடத்தைவிட ஒரு கிலோ கூட. பிள்ளையார் வட்டியில்லாமல் ஒன்றும் திருப்பித் தருவதில்லைப்போல.

மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது. அபி வாசித்தாள். அறுவைச் சிகிச்சை பிற்போடப்பட்டிருக்கிறது. இன்னும் ஆறு மாதம் தருகிறார்கள். அதற்குள்ளும் குறையாவிட்டால் என் கோப்பு மூடப்பட்டுவிடும்.

“அப்பா, நீங்க அப்பம்மாட்ட சொல்லுங்க.”

“பாப்பம்.”

“நான் சொல்லட்டா?”

“வேணாம்.”

5

வேண்டாம் என்றால் வேண்டும் என்று அர்த்தம் எடுக்கிற வயது. மறுநாள் நான்கு மணிக்கு, அம்மா கையைக் காட்டச் சொன்னபோது, அபி என் கையிலிருந்து போனைப் பறித்தாள். ஊர்ச் சொந்தங்களோடு கதைக்க என்று கூப்பிட்டால் அறைக்குள் ஓடி ஒளிகிற பிள்ளை.

“அப்பம்மா, கை வேணாம். காலப் பாருங்க.” என் காற்சட்டையை முழங்காலுக்கு மேலே தூக்கிவிட்டுப் போனைப் பிடித்தாள். வீங்கிப் பலாக்காய் மாதிரி இருந்தது. “அப்பா பொறுப்பாளர் இல்ல. அப்பா கோப்ப கழுவுறார். முழு நாளும் நிண்டு. மெலிஞ்சாத்தான் கால் வெட்டித் தருவாங்க. இல்லாட்டி வேலை போயிரும்.”

‘கால் வெட்டி’ என்றதும் அங்கே அக்கா குளறத் தொடங்கிவிட்டார். அதைத் தெளிவுபடுத்தவே கொஞ்ச நேரம் போனது. நான்கு மணிக்கு நான் தின்பதையும் அபி சொல்லிவிட்டாள். திரையில் கூரை தெரியவில்லை. அம்மாவின் முகம் நேராக என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

“எத்தின வருசம்?” என்றார்.

“வந்ததில இருந்து.”

“கோப்ப கழுவுறதுதானே? களவெடுக்கல்லையே?”

“இல்லம்மா.”

“அப்ப ஏன்டா மறைச்சாய்? சாப்பிட்ட கோப்பைய ஆராவது கழுவத்தானே வேணும். நான் எத்தின வருசமாக் கழுவுறன், எனக்கு ஆர் நாற்காலி தந்தது?”

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தார்.

“நான் பிள்ளையாரிட்ட மாத்தி நேர்த்தி வைக்கிறன்” என்றார்.

அழுதுகொண்டிருந்த அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அம்மா, அவர்ர வயித்தப் பாத்துக்கொண்டு மெலிய வையுங்க எண்டு கேக்கப் போறீங்களா? அவருக்குக் கோவம் வராதா?”

“குடுத்தவருக்கு எடுக்கத் தெரியாதா? நீ சும்மா இரி புள்ள.” கொஞ்சம் யோசித்தார். “ஆனா மோதகம் வைக்க ஏலா. கேக்கிறது மெலியுறதுக்கு, குடுக்கிறது மோதகமா? அது சரிவராது. என்ட இரவுச் சோத்த விடுறன்.”

“அம்மா, உங்களுக்கு எழுவத்தாறு வயசு!”

“அதால என்ன? இஞ்ச கேள் மனே. நீ கண்ட நேரத்தில திங்கிறது இந்த நாலு மணிக்குத்தானே? நீ வாயக் கட்டின நாளில நான் திம்பன். நீ திண்ட நாளில நான் தண்ணியக் குடிச்சிட்டுப் படுப்பன். பிள்ளையார் சாட்சி. வை போன.”

திருமதி கெல்லரிடம் இப்படி ஒரு கட்டம் கொப்பியில் இல்லை.

6

முதல் ஒன்பது நாள் ஒழுங்காக நடந்தது. எங்கள் பின்னேரம் அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். அம்மா சோற்றுக் கோப்பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழைப்பார். நான் தின்னவில்லை என்று சொன்னால் சாப்பிடத் தொடங்குவார்.

பத்தாவது நாள், வேலையிடத்திலிருந்து ஒரு கடிதம் தபாலில் கிடந்தது. தடித்த உறை. என் பெயரையும் இல்லத்தின் முத்திரையையும் தவிர வேறொன்றும் எனக்கு விளங்கவில்லை. பொறுத்தது போதும் என்று எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அபி வீட்டில் இல்லை. பவானி காலையில் தனக்கு அவித்து வைத்த பிட்டு அடுப்பில் இருந்தது. வாழைப்பழத்தையும் சீனியையும் போட்டுப் பிசைந்து, நின்றபடியே சாப்பிட்டேன். என்ன ருசி என்று கேட்டால் தெரியாது. பானையின் அடி தெரிந்தபோதுதான் நிறுத்தினேன். போன் அடித்தது.

அம்மாவின் பக்கத்தில் கோப்பை. சோறு, கிண்ணத்தில் மீன் ஆணம், ஏதோ கீரைச் சுண்டல்.

“மனே, திண்டியா?”

இல்லை என்று சொன்னால் எழுபத்தாறு வயது மனுசி சாப்பிடுவார். ஓம் என்று சொன்னால் பட்டினி. இருபத்துநான்கு வருடம் காரணமில்லாமல் பொய் சொன்னவனுக்கு அன்றைக்குத்தான் ஒரு நல்ல காரணம் கிடைத்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்ட வந்தார். என் மீசையில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்ததா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

“திண்டுட்டன் அம்மா.”

“என்னத்த?”

“பிட்டு.”

“எவ்வளவு?”

“பானையோட.”

அம்மா கோப்பையைத் தூக்கி அக்காவிடம் கொடுத்தார். “ஆணத்த எடுத்து வச்சிட்டு, இந்தச் சோத்துக்குத் தண்ணி ஊத்தி வை புள்ள. நாளைக்குக் காலத்தால குடிப்பம்.” குடத்திலிருந்து தண்ணீர் சோற்றில் விழும் சத்தம் எனக்கு இங்கே கேட்டது. பிறகு அம்மா என் பக்கம் திரும்பினார்.

“பவானிர பிட்டு நல்லா இருந்திச்சா?”

“ஓம்.”

“அப்ப சரி” என்றார். கோபமே இல்லாமல் சொன்னார்.

மாலையில் அபி வந்து கடிதத்தைப் பிரித்து வாசித்தாள். புதிய வேலை உடுப்புத் தைக்கப் போகிறார்களாம். என் இடுப்பளவை எழுதி அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தார்கள்.

7

அன்றைக்குப் பிறகு கொப்பியில் நான்கு மணி என்ற வரி இல்லை. நான் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கை இன்னும் அலுமாரிப் பக்கம் போகிறது. டின்னைத் தொட்டதும் அந்தத் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது, கை திரும்பி வருகிறது.

போன முறை தராசு நூற்றியொன்று காட்டியது. திருமதி கெல்லர் என்ன முறையைக் கையாண்டேன் என்று கேட்டார். நான் அபியிடம் சொன்னேன். அபி சொன்னாள். அவர் மறுபடி கேட்டார். அபி மறுபடி சொன்னாள்: “தான் சாப்பிடாவிட்டால் தன் அம்மா சாப்பிடுவார் என்கிறார்.” திருமதி கெல்லர் பேனாவை எடுத்தார், ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று வெளியே வந்து அபியைக் கேட்டேன். ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டாராம். அபி வாய்விட்டுச் சிரித்தாள். அவள் என்னோடு சேர்ந்து சிரித்து எவ்வளவோ காலம். இப்போது நான்கு மணிக்கு வீட்டில் இருந்தால் அவளும் வந்து திரைக்குள் தலையை நீட்டுகிறாள்.

இன்னும் நான்கு கிலோ இருக்கிறது. குறையுமா என்று தெரியாது. குளிர் தொடங்கிவிட்டது, குளிருக்கு வாய் கேட்கிறது. நான் நடக்கிறபோது மேலாளர் என் காலைப் பார்க்கிறார்.

இன்றைக்கு நான்கு மணிக்கு அம்மா அழைத்தார். முதலில் கையைக் காட்டச் சொன்னார். காட்டினேன். தன் இரண்டு விரலையும் வளைத்து, திரையில் தெரிந்த என் கைக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

“வத்திப்போச்சு” என்றார். அதே சொல். ஆனால் கூரை தெரியவில்லை. அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு, நான் பிறந்ததிலிருந்து என்னிடம் ஒரு நாளும் கேட்காத விதமாகக் கேட்டார்:

“சாப்பிடல்லதானே, மனே?”

“இல்லம்மா.”

“நல்லது.”

கோப்பையை மடியில் எடுத்து வைத்துச் சோற்றைப் பிசைந்தார். போனை எங்கேயோ சாய்த்து வைத்திருந்தார், பாதி முகமும் கையும்தான் தெரிந்தன. மீனில் முள் எடுத்தார். ஒரு கவளம், இன்னொரு கவளம். அக்கா ஆணம் ஊற்றினார். எனக்குப் பசித்தது. நல்ல பசி, அம்மா என்று எழுதத் தேவையில்லாத வெறும் பசி. காலை முக்காலியில் வைத்துக்கொண்டு, அவர் விரலை வழித்து முடிக்கும் வரை நான் போனை வைக்கவில்லை.

மருத்துவமனையிலிருந்து திகதி இன்னும் வரவில்லை. என்னிடம் இருப்பது இதை ஒரு வழியாக எழுதி முடித்த திகதி மட்டும்தான்.

2024 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை.